பீலித் தண்ணீரும் மென்சவ்வு வடிகட்டியும்

இரசாயனவியல் ஆசிரியை என்பதால், பெற்றோர் சந்திப்பு நாட்களில் பிள்ளையின் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்த பிறகு என்னிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்படுவதுண்டு. "டீச்சர், வீட்டுக்குத் தண்ணீர் பில்டர் ஒன்று வாங்கப் பார்க்கிறோம். எது நல்லது?" ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா என்று மலைப்பக்கத்தில் இருந்து வரும் பெற்றோரே இதை அதிகம் கேட்கிறார்கள். கடைகளில் விதவிதமான கருவிகள் வந்துவிட்டன. விலையும் சிறிதல்ல. ஒரு தாய் பல மாதம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் அதில் போகிறது.

நான் டிக்கோயாவில் பிறந்து வளர்ந்தவள். பீலியில் விழும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடித்த தலைமுறை. எனவே அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வருவதில்லை. இம்மலரில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உயர்தர மாணவிகளுக்கு இது பாடமாகவும், பெற்றோருக்கு ஒரு வழிகாட்டலாகவும் அமையுமானால் மகிழ்ச்சி.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நல்ல வடிகட்டி" என்று பொதுவாக ஒன்று கிடையாது. உங்கள் தண்ணீரில் எது இருக்கிறதோ, அதைத் தடுக்கும் வடிகட்டியே உங்களுக்கு நல்லது.

வடியும் சாயமும்

தேநீர் வடிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். தேயிலைத் தூள் வடியில் தங்கிவிடுகிறது. சாயம் கோப்பைக்குள் இறங்கிவிடுகிறது. தூள் தண்ணீரில் மிதப்பது. சாயம் தண்ணீரில் கரைந்தது. தண்ணீரில் உள்ள அசுத்தங்களும் இவ்விரு வகைக்குள் அடங்கும். மண், புழு முட்டை, பற்றீரியா, வைரசு ஆகியவை எவ்வளவு சிறியவையாக இருந்தாலும் கரைந்தவை அல்ல, துணிக்கைகளாகவே இருப்பவை. உப்பு, புளோரைட்டு, நைத்திரேற்று, தண்ணீரின் வன்மைக்குக் காரணமான கல்சியம், மக்னீசியம் என்பன கரைந்தவை.

மென்சவ்வு வடிகட்டல் என்பது மிக நுண்ணிய துளைகள் கொண்ட மெல்லிய படலம் ஒன்றினூடாகத் தண்ணீரை அமுக்கத்தால் தள்ளி, வேண்டாததை மறுபுறம் நிறுத்திவிடுவதாகும். துளையின் அளவைக் கொண்டு நான்கு படிகளாக இதைப் பிரிக்கிறார்கள். ஒரு மீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு 1 மைக்ரோமீற்றர். அதை மேலும் ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு 1 நனோமீற்றர்.

இந்த எண்கள் மனதில் நிற்பது கடினம். எனவே வகுப்பில் ஒரு கணக்குச் சொல்வேன். 1 மைக்ரோமீற்றரை 1 மீற்றராகப் பெருப்பித்துக் கற்பனை செய்யுங்கள். அப்போது நமது தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மீற்றர். வயிற்றுளைவு தரும் அமீபாவின் கூடு 10 முதல் 15 மீற்றர் வரை. ஒரு பஸ்ஸின் நீளம். ஈ. கோலை, நெருப்புக் காய்ச்சல் கிருமி போன்ற பற்றீரியாக்கள் படுத்திருக்கும் ஒரு மனிதனின் அளவு. குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தரும் ரோட்டா வைரசு 7 சென்ரிமீற்றர். ஒரு கிரிக்கெட் பந்து. செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ வைரசு 3 சென்ரிமீற்றருக்கும் குறைவு. சிறுவர் விளையாடும் பெரிய போளை. கரைந்த உப்பின் அயன்களோ ஒரு மில்லிமீற்றரை எட்டாத மணல்.

இனி வடிகட்டிகளை இதே அளவில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, நுண்வடிகட்டல். துளை 0.1 மைக்ரோமீற்றர் அல்லது அதற்கு மேல். நமது கணக்கில் 10 சென்ரிமீற்றர் சதுரக் கண்ணுள்ள கம்பிவலை. மனிதன் நுழைய முடியாது. ஆனால் போளை உருண்டு போய்விடும். பந்தும் போய்விடும். அதாவது பற்றீரியா நிற்கும், வைரசு நிற்காது. நம் வீடுகளில் பழைய காலம் முதல் இருக்கும் வெள்ளைச் செரமிக் 'கென்டில்' வடிகட்டியையும் ஏறத்தாழ இந்த வரிசையில் சேர்க்கலாம்.

இரண்டாவது, மீநுண்வடிகட்டல். கடைக்காரர் 'யூ.எஃப்.' என்பது இதைத்தான். துளை 0.01 முதல் 0.1 மைக்ரோமீற்றர் வரை. 0.02 எனக் குறித்த ஒன்றை எடுத்தால், கண் 2 சென்ரிமீற்றர். போளையும் நின்றுவிடும். ஆனால் மணலாகிய உப்பு தாராளமாகப் போகும்.

மூன்றாவது, நனோவடிகட்டல். துளை 1 நனோமீற்றர் அளவில். வன்மை தரும் கல்சியம், மக்னீசியம் போன்றவற்றின் பெரும்பகுதியை இது மறிக்கும். சாதாரண உப்பை ஓரளவே மறிக்கும்.

நான்காவதுதான் 'ஆர்.ஓ.' எனப்படும் எதிர்ப்பிரசாரணம். இதில் துளை என்று சொல்லக்கூடிய துளையே இல்லை. தண்ணீர் மூலக்கூறு மென்சவ்வின் பொருளுக்குள் ஊடுருவி மறுபுறம் சேர்கிறது. கரைந்த உப்பு உட்பட ஏறத்தாழ எல்லாம் பின்தங்கிவிடும்.

ஐந்தாவது படி ஒன்றும் உண்டு, இவை எல்லாவற்றுக்கும் கீழே. பீலி வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிப்பார் என் மூத்தம்மா. அதை இளக்காரமாக எண்ண வேண்டாம். பங்களாதேஷில் விஞ்ஞானி ரீட்டா கோல்வெலும் அவரது குழுவினரும், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீர் வடிக்கும்படி கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கினார்கள். வாந்திபேதிக் கிருமி, தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். சேலை அந்தச் சிற்றுயிர்களைப் பிடித்துவிடும். அந்த ஊர்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயினும் தனித்து நீந்தும் பற்றீரியாவையோ வைரசையோ துணி நிறுத்தாது. எதை எது பிடிக்கும் என்று அறிந்திருப்பதுதான் முக்கியம்.

மென்சவ்வு வந்த வழி

1748இல் பிரான்சு நாட்டு அறிஞர் நொலே, மதுசாரத்தை ஒரு பாத்திரத்தில் இட்டு, அதன் வாயை விலங்கின் சவ்வொன்றால் இறுகக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். தண்ணீர் சவ்வினூடாகத் தானாகவே உள்ளே போய்ச் சவ்வைப் புடைக்கச் செய்தது. செறிவு குறைந்த பக்கத்தில் இருந்து செறிவு கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் செல்லும் இந்நிகழ்வையே பிரசாரணம் என்று படிக்கிறோம். மாணவிகள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முட்டை ஒன்றை விநாகிரியில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் ஓடு கரைந்து சவ்வு மட்டும் மிஞ்சும். அதை வெறும் தண்ணீரில் இட்டால் ஊதும். கடும் உப்புத் தண்ணீரில் இட்டால் சுருங்கும்.

உப்புத் தண்ணீர்ப் பக்கத்தில் போதிய அமுக்கத்தைக் கொடுத்தால் தண்ணீர் எதிர்த்திசையில் ஓட வேண்டும் அல்லவா? கொள்கை எளிது. ஆனால் அந்த அமுக்கத்தைத் தாங்கி, தண்ணீரையும் பயன்படும் வேகத்தில் விடக்கூடிய படலம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். அவர்களின் செலுலோசு அசற்றேற்றுப் படலத்தின் மேற்பரப்பு மிக மெல்லிய, இறுக்கமான தோல். அதன் கீழ்ப்பகுதி கடற்பஞ்சு போன்றது. மெல்லிய தோல் உப்பை மறிக்க, அடிப்பகுதி பலம் தந்தது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இந்த முறையில் இயங்கத் தொடங்கியது.

துளையுள்ள வடிகட்டிகளின் அருமை வேறொரு வழியில் உணரப்பட்டது. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், நகரசபைத் தண்ணீரைக் குடித்த ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்கு வயிற்றோட்டம் கண்டது. தண்ணீருக்குக் குளோரீன் இடப்பட்டிருந்தது. ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் தடித்த கூட்டைக் குளோரீன் ஒன்றும் செய்யவில்லை. அதன் அளவோ 4 முதல் 6 மைக்ரோமீற்றர். நுண்வடிகட்டி ஒன்று இருந்திருந்தால் அப்படியே நின்றிருக்கும். அதன் பின்னர் பல நகரங்கள் மென்சவ்வு வடிகட்டலை நாடின.

சிறுநீரக நோயாளிக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் கருவிக்குள் இருப்பதும் மென்சவ்வுதான். தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான குழல்கள். அவற்றின் சுவரெல்லாம் நுண்துளை. வீட்டு யூ.எஃப். வடிகட்டியைத் திறந்து பார்த்தால் வெள்ளை நூற்கற்றை போலத் தெரிவதும் அதே வடிவிலான குழல்களே.

ஆர்.ஓ. எங்கே அவசியம்?

நமது நாட்டில் ஆர்.ஓ. என்ற பெயர் பரவியது சிறுநீரக நோயால்தான். அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில், குறிப்பாக மதவாச்சி, பதவியா போன்ற இடங்களில், 1990களில் இருந்து விவசாயிகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து நோயாளிகளானார்கள். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் அந்நோய் வந்தது. அதன் காரணம் குறித்து விஞ்ஞானிகளிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் அப்பகுதிகளின் கிணற்றுநீர் வன்மை மிக்கது. பல இடங்களில் புளோரைட்டும் கூடுதலாக உள்ளது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் புளோரைட்டுக்கு விதித்துள்ள எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டும் கிணறுகள் அங்கே உண்டு.

இவை கரைந்தவை. கொதிக்க வைத்தாலும் புளோரைட்டு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறையச் செறிவு கூடவே செய்யும். எனவே அந்த மக்களுக்கு ஆர்.ஓ. வேண்டும். இலங்கைக் கடற்படை 2015 முதல் குறைந்த செலவில் ஆர்.ஓ. நிலையங்களைத் தானே பொருத்தி, நூற்றுக்கணக்கான கிராமங்களிலும் பாடசாலைகளிலும் நிறுவியுள்ளது. பேராதனையில் உள்ள சீன – இலங்கைக் கூட்டு நீர்த் தொழில்நுட்ப ஆய்வு நிலையமும் இப்பிரச்சினையை ஆராய்கிறது.

யாழ்ப்பாணத்து நிலையும் இப்படித்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கிணறுகள் பல உவராகிவிட்டன. எனவே தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தருவது அதன் கொள்ளளவு. கடல்நீரின் பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 27 பார். அதை வென்று தண்ணீரைப் பிரிக்க 55 முதல் 70 பார் வரை அமுக்கம் கொடுக்கிறார்கள். அவ்வளவுக்கும் மின்சாரம் வேண்டும். வேறு வழியற்ற இடத்தில் அது தேவையான செலவு.

நமது மலைநீரில் இருப்பது என்ன?

மலைநாட்டின் ஊற்றுநீர் இதற்கு நேர்மாறானது. மழை பெய்து, கடினப் பாறையின் மேலும் இடுக்குகளிலும் ஓடி விரைவில் வெளிப்படும் தண்ணீர் அது. அதில் உப்புக் கரைய நேரமில்லை. கரைந்த பொருள்களை அளக்கும் பேனா போன்ற 'டி.டி.எஸ்.' மானியை எங்கள் வீட்டுக் குழாயில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு இலக்க எண்தான் வந்தது. வன்மை இல்லாததால்தான் சவர்க்காரம் இங்கே இலகுவில் நுரைக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவும் அதிகம் பிடிப்பதில்லை.

அப்படியானால் நமது தண்ணீர் சுத்தமானதா? இல்லை. அதன் ஆபத்து வேறு. ஊற்றுக்கு மேலே லயம் இருக்கும். லயத்துக்குப் பின்னால் மலசலகூடக் குழி இருக்கும். மாட்டுக் கொட்டில் இருக்கும். ஊற்றில் இருந்து கறுப்புக் குழாய் வழியாகத் திறந்த தாங்கிக்கு வரும் தண்ணீர், மழைநாளில் மேலே உள்ள அத்தனையையும் கழுவிக்கொண்டு வரும். பார்வைக்குப் பளிங்கு போல இருக்கும். ருசியும் இனிப்பாக இருக்கும். வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் அந்த இனிப்புக்குள்ளேதான் வருகின்றன. 2007இல் கம்பளைப் பகுதியில் ஹெபடைட்டிஸ் ஏ பரவியதைப் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பரீட்சைக் காலத்தில் ஒரு மாணவிக்குச் செங்கண்மாரி வந்தால் வாரக்கணக்கில் படுக்கை. வருடம் முழுதும் படித்த படிப்பு அதில் போய்விடும்.

நமது எதிரி மணல் அல்ல. பஸ், மனிதன், பந்து, போளை. மணலைப் பிடிக்கும் கருவிக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர் எங்கள் வீட்டில் காட்டிய வித்தையை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு குவளைகள். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். சிறிது நேரத்தில் எங்கள் தண்ணீர் பழுப்பாகி அழுக்குத் திரண்டது. அவரது தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "பார்த்தீர்களா, பிள்ளைகள் இதைத்தானே குடிக்கிறார்கள்" என்றார். உம்மா பயந்துவிட்டார்.

மின்பகுப்புப் படித்த மாணவி பயப்படத் தேவையில்லை. இரும்பு அனோட்டு ஒட்சியேற்றம் அடைந்து கரைகிறது. அது தண்ணீருடன் சேர்ந்து பழுப்பு நிற இரும்பு ஐதரொட்சைட்டாகத் திரள்கிறது. அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியில் இருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் அயன்கள் மிகக் குறைவு. எனவே மின் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. அந்தச் சோதனை காட்டியது அவ்வளவுதான். கிருமி உண்டா இல்லையா என்பதை அது காட்டவே காட்டாது. டி.டி.எஸ். மானியும் அப்படியே. எண் சிறிதாக இருப்பதால் தண்ணீர் பாதுகாப்பானது என்று கொள்ளக் கூடாது. ஒரு துளி மலம் கலந்தாலும் அந்த எண் அசையாது.

ஆர்.ஓ. கருவி கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. கிருமியையும் நிறுத்தும். ஆனால் ஏற்கெனவே மென்மையான நமது நீரில் இருந்து, இருக்கும் சிறிதளவு கனியுப்பையும் அது நீக்கிவிடும். மின்சாரம் வேண்டும். மென்சவ்வு மாற்றும் செலவு உண்டு. சாதாரண வீட்டுக் கருவி 1 லீற்றர் நல்ல தண்ணீர் தருவதற்கு 3 லீற்றர் அளவில் கழிவாக வெளியே விடும். வுழூச் செய்யும் தண்ணீரிலும் வீண்விரயம் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தேவை இல்லாத இடத்தில் அந்த 3 லீற்றர் நமக்கு உறுத்த வேண்டும்.

மலை தரும் அமுக்கம்

மலைநாட்டாருக்கு மட்டும் கிடைத்த ஒரு வசதி உண்டு. சாதாரண தரத்தில் படித்த சூத்திரத்தை நினைவுகூருங்கள். திரவ அமுக்கம், உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல் ஆகியவற்றின் பெருக்கம். 10 மீற்றர் உயரத்தில் தாங்கி இருந்தால், 10 × 1000 × 9.8 = 98,000 பஸ்கால். ஏறத்தாழ 1 பார். யூ.எஃப். மென்சவ்வு இயங்க இதுவே போதும். இதைவிடக் குறைந்தாலும் மெதுவாக இயங்கும்.

சமவெளியில் இந்த அமுக்கத்துக்குப் பம்பும் மின்சாரமும் வேண்டும், அல்லது உயரமான கோபுரம் கட்ட வேண்டும். நமக்கோ தாங்கி மேட்டில் இருக்கிறது, லயம் பள்ளத்தில் இருக்கிறது. மலையே பம்ப். சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீர் ஆய்வு நிறுவனம், ஏறக்குறைய 1 மீற்றர் உயரத் தண்ணீரின் அமுக்கத்தாலேயே யூ.எஃப். மென்சவ்வை நீண்டகாலம் இயக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. வேகம் குறைவுதான். ஆனால் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தால் குடிக்கும் தேவைக்கு நிறைந்துவிடும்.

எனவே மலைப்பக்கத்துப் பெற்றோர் கேட்கும்போது நான் சொல்லும் பதில் இது: பெரும்பாலான வீடுகளுக்கு, மின்சாரம் இல்லாமல் இயங்கும் யூ.எஃப். வடிகட்டி ஒன்று போதும். அது இல்லாவிட்டால் கொதிக்க வைத்த தண்ணீர் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களை ஒட்டிய கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கரைந்து சேரலாம். தேயிலை மலைக்குக் களைகொல்லி அடித்த இடத்துக்குக் கீழே உள்ள ஊற்றுக்கும் இவ்வாறான ஐயம் உண்டு. இவை கரைந்தவை, யூ.எஃப். நிறுத்தாது. அத்தகைய இடத்தில் உள்ளவர்கள் கருவி வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அலுவலகத்திலோ இதற்கு வழி கேட்கலாம். பரிசோதனை அறிக்கையைப் பார்த்த பிறகு கடைக்குப் போவதுதான் முறை.

வாங்கும்போதும் வாங்கிய பின்பும்

பெட்டியின் மேல் துளை அளவைத் தேடிப் படியுங்கள். 0.1 மைக்ரோன் என்று இருந்தால் அது பற்றீரியாவை மட்டும் தடுப்பது. செங்கண்மாரி வைரசுக்கு 0.02 அல்லது அதற்கும் குறைந்த துளை வேண்டும். 0.1 அளவிலான வடிகட்டியோ கென்டில் வடிகட்டியோ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். வடித்த தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், அல்லது சுகாதார உத்தியோகத்தர் சொல்லும் அளவில் குளோரீன் இடுங்கள். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும்.

மழைக்காலத்துச் சேற்றுநீரை நேரே மென்சவ்வுக்குள் விடாதீர்கள். துளைகள் அடைத்துவிடும். ஒரு வாளியில் இரவு முழுதும் தெளிய வைத்து, மேல்நீரை மடித்த துணியால் வடித்து, பிறகு விடுங்கள். தண்ணீர் வரும் வேகம் குறைந்தால், கருவியோடு தரும் முறைப்படி சுத்தமான தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுங்கள். குழல்களைத் தூரிகையால் தேய்க்கக் கூடாது. வேகம் குறைவது கருவி பழுதானதன் அடையாளம் அல்ல. அது அழுக்கைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம். பல மாதமாகக் கழுவாமலே வேகம் திடீரென்று கூடினால்தான் ஐயப்பட வேண்டும். எங்கோ ஒரு குழல் அறுந்திருக்கலாம்.

நுவரெலியாவில் உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தை மாதத்துப் பனியில் புல்லின் மேல் வெள்ளையாக உறையும் இரவுகள் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை நனைந்த குழல் வடிகட்டி உறைந்தால், உள்ளே உள்ள தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து குழற்சுவரைக் கிழித்துவிடும். கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியை வெளியே கொல்லைப்புறத்தில் மாட்டாமல் சமையலறைக்குள் வையுங்கள்.

வடித்த தண்ணீருக்குக் காவல் இல்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். குளோரீன் இட்ட தண்ணீரில் சிறிதளவு குளோரீன் தங்கி நின்று புதிதாக வரும் கிருமியைக் கொல்லும். மென்சவ்வு அப்படி எதையும் விட்டு வைப்பதில்லை. சுத்தமான தண்ணீரை ஒரு குழந்தை கழுவாத கையோடு கோப்பையால் அள்ளினால் எல்லாம் வீண். மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் சேமியுங்கள்.

கொதிக்க வைப்பது குறித்து மாணவிகள் கேட்கும் ஒரு நல்ல கேள்வி உண்டு. "மலையில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கிறதே, கிருமி சாகுமா?" உண்மைதான். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலும், ஹற்றனில் 96 பாகையளவிலும் கொதிக்கும். ஆனால் நோய்க்கிருமிகளுக்கு அந்த வெப்பம் போதும். தண்ணீர் கொப்புளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் விட்டால் ஹெபடைட்டிஸ் ஏ வைரசும் தப்பாது. நுவரெலியா உயரத்தில் 3 நிமிடம் விட்டால் மனதுக்கு நிறைவு. குறை ஒன்றுதான், எரிபொருள். 2022இல் கேஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. அப்படியான நாளில் தீயில்லாமல் இயங்கும் வடிகட்டி வீட்டில் இருப்பது ஒரு பலம்.

ஊற்றுக்கண்ணில் இருந்து

எவ்வளவு நுண்ணிய மென்சவ்வானாலும் அது கடைசிக் காவல்தான். முதற்காவல் ஊற்றுக்கண்ணில் இருக்க வேண்டும். ஊற்றைச் சுற்றி வேலி, அதற்கு மேலே குழி தோண்டாமை, மருந்து அடிக்காமை, மாடு கட்டாமை, தாங்கிக்கு மூடி. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. ஒற்றுமை வேண்டும். ஒரு லயத்தின் இருபது வீடுகளும் ஆளுக்கொரு கருவி வாங்குவதைவிட, பொதுத் தாங்கிக்குக் கீழே ஒரு யூ.எஃப். தொகுதியைப் பொருத்தி, அதைக் கழுவும் பொறுப்பை வாரம் ஒரு வீடாக ஏற்பது மலிவு. நகரத்தில் கடை வைத்திருக்கும் நம் வீட்டாரும் தோட்டத்து மக்களும் குடிப்பது பெரும்பாலும் ஒரே மலையின் தண்ணீரைத்தான். எனவே இது அவர்கள் வேலை, இது எங்கள் வேலை என்று பிரிக்க இடமில்லை.

இந்தத் தண்ணீர் நம்மோடு முடிவதும் இல்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தலையில் கொழும்பின் குடிநீராகிறது. கொத்மலை ஓயா மகாவலியில் கலக்கிறது. மகாவலி பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, சிறுநீரக நோயால் வாடும் அதே வடமத்திய மண்ணின் குளங்களுக்குப் போகிறது. மேலே இருப்பவர்கள் நாம். நாம் அசுத்தப்படுத்தினால் கீழே உள்ளவர்களின் மென்சவ்வுக்குத்தான் வேலை கூடும்.

மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வரும் விடுமுறையில் வாப்பாவையோ காக்காவையோ அழைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக் குழாயைப் பிடித்தபடியே மேலே நடந்து போங்கள். தாங்கி எங்கே, அதற்கு மூடி உண்டா, ஊற்று எங்கே, ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வாருங்கள். தாங்கிக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை மீற்றர் இறக்கம் என்று மதிப்பிட்டு, அமுக்கத்தையும் கணக்கிடுங்கள். உங்கள் தண்ணீரில் எது இருக்கக்கூடும், அதற்கு எந்த மென்சவ்வு வேண்டும் என்பதை அந்தத் தாளே பாதி சொல்லிவிடும். தவணை தொடங்கியதும் அவற்றை விஞ்ஞான கூடத்தில் ஒட்டுவோம். பெற்றோரும் வந்து பார்க்கட்டும்.